தேதியை ஊகித்தல் தகுமா?

எழுத்து என்பது ஒருவர் மனத்திலுள்ள கருத்தை மற்றொருவர் மனத்திற் சேர்ப்பிக்கும் கருவி. அக்கருவி செவ்வனே தொழிற்பட வேண்டுமாயின், எழுதுவோரும் படிப்போரும் ஒரே வழக்கினராய் இருத்தல் வேண்டும். இவ்வுண்மை வேறெவ்வகை எழுத்தினும் தேதி எழுத்தில் தெற்றென விளங்கும். "05/08/2006" என்று நம்மவர் ஒருவர் எழுதுவாராயின், அதனை ஆகஸ்டு மாதம் ஐந்தாம் நாள் என்று நாம் தயக்கமின்றிக் கொள்கின்றோம். நாள் முன்னும், மாதம் நடுவும், ஆண்டு இறுதியுமாக எழுதுதல் நம் நாட்டு வழக்கு. அவ்வெழுத்தையே அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்தவர் ஒருவர் காண்பாராயின், மே மாதம் எட்டாம் நாள் என்று அவரும் தயக்கமின்றியே கொள்வர். இருவரும் கற்றவரே, இருவர் கொண்ட பொருளும் அவரவர் வழக்கின்படி சரியானதே. ஆயினும் இரண்டிற்கும் இடையே 89 நாட்கள் கிடக்கின்றன!

மனிதர் இருவரிடையே இவ்வேற்றுமை நேருமாயின், ஒருவரையொருவர் வினாவித் தெளியலாம். கணிப்பொறியோ, வினாவும்படி நாம் அதனைப் பணித்தாலன்றி, தனக்குத் தோன்றிய ஒன்றைக் கொண்டு மேற்செல்லும். எழுத்தாய் வந்த தேதியைக் கணக்கிடத் தக்க தேதியாக மாற்றுதல் நிரல் எழுதுவோர்க்கு ஒரு வரிச் செயலே. ஆயினும் அவ்வொரு வரியில் ஊகம் புகுமாயின், அதன் பயனை அனுபவிப்பவர் நிரல் எழுதியவர் அல்லர், தேதிக்கு உரியவரே. ஆதலின், தேதியை ஊகித்தல் தகாது. ஐயம் வந்தவிடத்து மறுத்து வினாவுதலே அறம் என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன். இணையப் படிவங்கள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியின் துணைகொண்டே இயங்குதலானும், மாணாக்கர் பலர் அம்மொழியைப் பயின்று வருதலானும், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

நிற்க. இக்கருத்து என் உள்ளத்தில் வேரூன்றியது ஒரு நிகழ்ச்சியால். ஏழை மாணாக்கர்க்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறநிலையம், 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று 18 வயது நிறைவுறாதவரே விண்ணப்பிக்கலாம் என்று விதித்திருந்தது. எனக்கு அறிமுகமான ஒரு மாணவி விண்ணப்பித்தாள். அவள் பிறந்தது 2006 ஆகஸ்டு 5. ஆதலின் விதித்த நாளில் அவளுக்கு 17 வயதே. எனினும், "வயது கடந்துவிட்டது" என்று விண்ணப்பம் தள்ளப்பெற்றது. அவள் தந்தையார் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நேரிற் சென்றார். அங்கிருந்த எழுத்தர் நல்லவர். கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். திரையில், "8 மே 2006" என்றிருந்தது. "ஐயா, நாங்கள் ஒன்றும் மாற்றவில்லையே, உங்கள் பெண் கொடுத்தபடிதானே இருக்கிறது!" என்றார் எழுத்தர். தந்தையாரோ, தம் மகள்தான் தவறாக எழுதிவிட்டாள் போலும் என்று எண்ணி, அவளைக் கடிந்துகொண்டே வீடு திரும்பினார்.

அவர் என்னிடம் வந்து கூறியபோது, பிழை எங்குள்ளது என்பது ஒருவாறு விளங்கிற்று. அறநிலையத்தார் இசைவுடன் அப்படிவத்தின் நிரலை நோக்கினேன். அவள் எழுதிய "05/08/2006" என்பதை ஆராயாது அப்படியே எடுத்துத் தேதியாக மாற்றும் ஒரு வரி அதிற் காணப்பெற்றது. பிழை பின்னர்த் திருத்தப்பெற்றது. ஆயின் அதற்குள் அவ்வாண்டிற்குரிய பொருள் முழுவதும் பங்கிடப் பெற்றுவிட்டமையால், அம்மாணவி கடன் வாங்கிக் கல்லூரியிற் சேர்ந்தாள். ஒரு வரி நிரல் ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கிற்று என்றால் அது மிகையன்று.

இனி, அவ்வொரு வரியின் இயல்பைச் சிறிது ஆராய்வாம்.

கணிப்பொறிக்கு "05/08/2006" என்பது தேதி அன்று. இலக்கங்களும் சாய்கோடுகளுமாகிய பத்துக் குறிகளின் வரிசையே. அதில் எவ்விலக்கம் மாதத்தைக் குறிப்பது, எவ்விலக்கம் நாளைக் குறிப்பது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு தேதிகளுள் எது முந்தியது என்று காணவோ, இடைப்பட்ட நாட்களை எண்ணவோ வேண்டுமாயின், அவ்வெழுத்தை ஒரு தேதிப் பொருளாக மாற்றுதல் இன்றியமையாதது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இப்பொருளுக்கு "டேட்" என்று பெயர். பெயர் தேதி என்றிருப்பினும், அதனுள்ளே நாளும் மாதமும் ஆண்டும் தனித்தனியே வைக்கப்பெறவில்லை. உள்ளிருப்பது ஒரே ஓர் எண். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், உலகப் பொதுநேரப்படி நள்ளிரவு தொடங்கிக் கழிந்த மில்லி விநாடிகளின் தொகையே அவ்வெண். அந்நாளிலிருந்து முன்னும் பின்னும் பத்துக் கோடி நாட்கள் வரை அதனால் குறிக்கவியலும். ஆகவே "டேட்" என்பது உண்மையில் தேதியன்று. காலவோட்டத்தில் ஒரு கணம். இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டோர்க்குப் பின்வரும் சிக்கல்கள் யாவும் எளிதில் விளங்கும்.

இம்மொழி பிறந்த வரலாறும் ஈண்டு அறியத்தக்கது. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் இதன் முதல் வடிவைப் பத்து நாட்களில் ஆக்கினார். அக்காலத்துப் புதிதாய்ப் புகழ்பெற்றுவந்த ஜாவா மொழியைப் போன்று தோன்றவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அதற்கேற்ப, ஜாவாவிலிருந்த தேதிப் பகுதி ஏறத்தாழ அப்படியே பெயர்த்து அமைக்கப்பெற்றது. அப்பகுதியோ, அதனினும் பழைய சி மொழியின் வழக்கங்களைத் தாங்கி வந்தது. மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் விந்தை அவற்றுள் ஒன்று. ஜனவரி 0, ஆகஸ்டு 7, டிசம்பர் 11. நாட்களோ ஒன்றிலிருந்தே எண்ணப்பெறும்! ஜாவா மொழியினர் 1997ஆம் ஆண்டிலேயே தம் தேதிப் பகுதியின் பெரும்பாலான செயல்களைக் கைவிடத்தக்கவை என்று அறிவித்துவிட்டனர். ஜாவாஸ்கிரிப்டோ, தன்னை நம்பி எழுதப்பெற்ற எண்ணிறந்த இணையப் பக்கங்கள் சிதைந்துபோகும் என்னும் அச்சத்தால் அதனை மாற்றவியலாது நின்றது. இரவல் வாங்கிய சட்டையை உரியவர் எறிந்துவிட்ட பின்னரும், வாங்கியவர் கழற்றமாட்டாது உடுத்துத் திரிவது போலாயிற்று.

இனி, எழுத்தை அம்மொழி எங்ஙனம் படிக்கின்றது? ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு என, இடையே சிறு கோடிட்டு, "2006-08-05" என்று எழுதும் முறையொன்று உண்டு. 1988ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் உலகப் பொதுநெறியைத் தழுவியது அது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான ஐந்தாம் பதிப்பு இலக்கணத்தில் இம்முறை ஜாவாஸ்கிரிப்டிற்கும் விதியாயிற்று. இவ்வடிவில் வரும் எழுத்தை எல்லா உலாவிகளும் ஒரே வகையாய்ப் படித்தல் வேண்டும். இம்மொழி தானே தேதியை எழுதிக்காட்டும் வடிவங்களையும் அது திரும்பப் படித்தல் வேண்டும். மற்றை வடிவங்களுக்கு விதியின்மையால், உலாவியை ஆக்கியோர் தத்தம் மனம்போனபடி படித்துக்கொள்ளலாம். "05/08/2006" போன்ற எழுத்தை அவர்கள் அமெரிக்க வழக்கின்படி மாதம் முன்னாகவே படிக்கின்றனர். நம் வழக்கு அவ்விடத்து வாயிலிலும் ஏறவில்லை.

இதனால் விளையும் கேட்டின் அளவைக் கணக்கிட்டுக் காண்பாம். ஓர் ஆண்டில் 365 நாட்கள். ஒவ்வொரு மாதத்திலும் 13ஆம் நாள் முதலாக வரும் நாட்களை நம் வழக்கில் எழுதினால், முதலில் நிற்கும் எண் பன்னிரண்டைக் கடந்துவிடுகின்றது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையாதலின், குரோம் உலாவி அதனைச் செல்லாத தேதி என்று தள்ளிவிடும். இவ்வாறு தள்ளப்படுவன 221 நாட்கள். எஞ்சிய 144 நாட்களில், ஜனவரி 1, பிப்ரவரி 2, மார்ச்சு 3 என நாளும் மாதமும் ஒத்துவரும் 12 நாட்கள் எப்படிப் படித்தாலும் சரியே. மற்றைய 132 நாட்களும், ஓர் எச்சரிக்கையுமின்றி, வேறு நாட்களாக மாறிவிடும்.

இவ்வெண்களுள் அஞ்சத்தக்கது எது? 221 என்று பலர் கூறக்கூடும். யான் அங்ஙனம் எண்ணவில்லை. தள்ளப்பெற்ற 221 நாட்களில் பிறந்தோர் உடனே முறையிடுவர், அலுவலர் அழைத்து வினாவுவர், பிழை திருந்தும். அவ்வறநிலையத்திலும் அதுவே நிகழ்ந்தது. மாதப் பிற்பகுதியிற் பிறந்த மாணாக்கர் பெயர்களின் எதிரே தேதி வெறுமையாய் இருக்கக் கண்டு, எழுத்தர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுத் தம் கையால் நிரப்பியுள்ளார். 5ஆம் நாள் பிறந்த பெண்ணை மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை. என்னை? அவள் பெயரின் எதிரே ஒரு தேதி அழகாக நின்றதன்றோ! மறுக்கப்பெற்றவர் பிழைத்தனர், ஏற்கப்பெற்றவள் கெட்டாள். வெளிப்படையான மறுப்பு நட்பு. மெளனமான ஊகம் பகை.

"அங்ஙனமாயின், யாவரும் ஆண்டு முன்னாகவே எழுதிவிட்டால் குறை தீர்ந்ததன்றோ?" என்று வினவுவர் சிலர். பெரும்பகுதி தீரும், முற்றும் தீராது. "2006-08-05" என்று தேதியை மட்டும் எழுதினால், ஜாவாஸ்கிரிப்ட் அதனை உலகப் பொதுநேரப்படி அந்நாளின் நள்ளிரவு என்று கொள்கின்றது. அதனோடு மணியையும் சேர்த்து எழுதி, எந்நாட்டு மணி என்று குறியாது விட்டால், கணிப்பொறி இருக்கும் ஊரின் நேரம் என்று கொள்கின்றது. 2009ஆம் ஆண்டின் பதிப்பு இரண்டையும் பொதுநேரம் என்றது. 2015ஆம் ஆண்டின் பதிப்பு ஊர்நேரம் என்றது. 2016ஆம் ஆண்டின் பதிப்பில்தான், மேற்கூறியவாறு தேதிக்கு ஒன்றும் மணியோடு கூடியதற்கு மற்றொன்றுமாகப் பிரித்து நிறுத்தினர். இலக்கணம் வகுத்தோரே இருமுறை மனம் மாறினர் என்றால், பயில்வோர் மயங்குவதில் வியப்பென்னை?

இதன் விளைவு ஊருக்கு ஊர் வேறுபடும். நியூயார்க் நகரிலுள்ள கணிப்பொறி "2006-08-05" என்பதைப் படித்து ஊர்நேரப்படி காட்டினால், ஆகஸ்டு 4 மாலை எட்டு மணி என்று காட்டும். ஒரு நாள் குறைந்துவிடும். நம் நாடு பொதுநேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டிருத்தலின், ஈண்டு அதே எழுத்து ஆகஸ்டு 5 காலை ஐந்தரை மணியாகத் தோன்றும், நாள் மாறாது. ஆகவே நமக்குக் குறையில்லை என்று மகிழ வேண்டா. நமக்குரிய பொறி மறுபுறம் வைக்கப்பெற்றுள்ளது. நம் ஊர்நேரப்படி ஆகஸ்டு 5 நள்ளிரவு என்று தேதிப் பொருளை நாமே ஆக்கி, அதனை வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பும் பொருட்டு எழுத்தாக மாற்றுவோமாயின், அது பொதுநேரப்படி ஆகஸ்டு 4, பதினெட்டரை மணி என்று எழுதப்பெறும். பெறுபவர் முதற் பத்துக் குறிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே பிறந்துவிடும்! அமெரிக்கர்க்குப் படிக்கும்போது இடர். நமக்கு அனுப்பும்போது இடர்.

இதற்கு மருந்தாக, "ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டால் போதும்" என்று கூறுவாரும் உளர். இளைஞர் பதிவுகளுக்கு அது பொருந்துவது போலத் தோன்றும். ஆயின் கல்லூரிக்குப் பழைய மாணவர் பதிவேடு என்று ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின் காரணமாக, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவிற் கடிகாரங்கள் ஒரு மணி முன்னாகத் திருப்பி வைக்கப்பெற்றிருந்தன. இவ்வரலாறு உலாவிகளின் நேர அட்டவணையிலும் ஏறியுள்ளது. ஆதலின் 1944இற் பிறந்த ஒருவரின் பிறந்தநாள் நள்ளிரவு, பொதுநேரப்படி முன்னாள் பதினேழரை மணியாகும். அதனோடு ஐந்தரையைக் கூட்டினால் முன்னாள் இரவு பதினொரு மணியே வரும். நாள் குறைந்தே நிற்கும். எண்பது வயது கடந்த அப்பெரியாருக்கு நாம் ஒரு நாள் முன்னதாக வாழ்த்து அனுப்பி, அவர் புன்னகைக்கும்படி நேரும்.

ஆண்டை இரண்டு இலக்கத்தால் எழுதும் பழக்கமும் இத்தகையதே. குரோம் உலாவியில், சாய்கோட்டு வடிவில் வரும் ஈரிலக்க ஆண்டு 49 வரை இரண்டாயிரங்களைச் சார்ந்ததாகவும், 50 முதல் 99 வரை ஆயிரத்துத் தொள்ளாயிரங்களைச் சார்ந்ததாகவும் கொள்ளப்பெறும். எனவே, "03/06/49" என்று பதிவேட்டில் எழுதப்பெற்ற பழைய மாணவர் 2049ஆம் ஆண்டிற் பிறக்கப்போகின்றவராகின்றார். "03/06/50" என்று எழுதப்பெற்ற அவர் தம்பியோ 1950இலேயே பிறந்து தமையனுக்கு 99 ஆண்டு மூத்தவராகின்றார். ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்துத் தரும் பழைய செயலொன்றை நம்பி, முன்னே "19" என்று ஒட்டிக்கொண்டிருந்த இணையப் பக்கங்கள், 2000ஆம் ஆண்டு பிறந்தவுடன் "19100" என்று காட்டி நகைப்பிற்கு இடமாயினமையும் நினைவுகூரத் தக்கது.

மற்றொன்று. பிப்ரவரி 31 என்று ஒரு நாள் உலகில் இல்லை. ஆயினும் 2023, பிப்ரவரி, 31 என்னும் மூன்று எண்களை முறையே தந்து ஒரு தேதிப் பொருளை ஆக்கும்படி பணித்தால், ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது. மிகுந்த மூன்று நாட்களைத் தள்ளி, மார்ச்சு 3 என்று ஆக்கித் தரும். கணக்கிடுதற்கு இவ்வியல்பு சில வேளை உதவும். எழுதியவர் பிழையைக் கண்டுபிடித்தற்கோ இது பெருந்தடை. இனி, முற்றும் படிக்கவியலாத எழுத்தைத் தந்தாலும் அம்மொழி கூக்குரலிடாது. "செல்லாத் தேதி" என்னும் பெயர் தாங்கிய ஒரு பொருளைக் கையிற் கொடுத்துவிட்டு அமைதியாயிருக்கும். அதனுள்ளிருப்பது எண்ணல்லாத ஒரு குறி. அக்குறி தனக்குத் தானே சமமாகாத விந்தையுடையது. அதனை எவ்வெண்ணோடு ஒப்பிட்டாலும், சிறிதென்றும் பெரிதென்றும் வாராது. ஆகவே, "விதித்த நாளுக்கு முற்பட்டதாயின் தள்ளுக" என்று எழுதிய நிரலில், செல்லாத் தேதி தள்ளப்படாது நுழைந்துவிடும். "பிற்பட்டதாயின் கொள்க" என்று எழுதிய நிரலிலோ, தகுதியுடையவரும் புறத்தே நிறுத்தப்படுவர்.

இவ்வளவும் ஜாவாஸ்கிரிப்டின் குற்றம் மட்டுமே என்று கொள்ளுதல் தவறு. ஊகம் புகுந்த இடமெல்லாம் இவ்வாறே. எக்செல் என்னும் அட்டவணைச் செயலி, உயிரணுக்களிலுள்ள மரபலகுகளின் பெயர்களை மாதப் பெயர்களென மயங்கித் தேதிகளாக்கிவிட்டது. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மரபலகுப் பட்டியல்களை இணைத்து வெளியிடப்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை உண்டென்று கண்டது. முடிவில் 2020ஆம் ஆண்டில், அப்பெயர்களை வகுக்கும் குழுவினர் மரபலகுகளின் பெயர்களையே மாற்றியமைக்க நேர்ந்தது. எந்திரத்தின் ஊகத்திற்கு அறிவுலகம் தலை வணங்கியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, எதிர்மொழியாளர் கூற்றுக்கள் இரண்டை நோக்குவாம். "என் கணிப்பொறியிற் சரியாக வந்ததே" என்பது முதலாவது. நிரலை எழுதியவர் தம் பிறந்தநாளை இட்டுப் பார்த்திருப்பார்; அது 20ஆம் நாளாயின் மறுப்பு வந்திருக்கும், அவர் திருந்தியிருப்பார்; ஏழாம் மாதம் ஏழாம் நாளாயின் சரியாகவே வந்திருக்கும், அவர் ஏமாந்திருப்பார். ஒரு தேதியால் சோதித்தல் சோதனையாகாது. "பிறர் ஆக்கிய நூலகங்கள் உள்ளனவே, அவை பார்த்துக்கொள்ளும்" என்பது இரண்டாவது. உண்மையே. மொமென்ட் என்னும் நூலகம் நெடுங்காலம் பலர்க்கும் துணையாயிருந்தது. ஆயின் அதனை ஆக்கியோரே, வடிவத்தைக் கூறாது எழுத்தை மட்டும் தரும் பழக்கத்தை எச்சரித்து விலக்கினர்; 2020ஆம் ஆண்டில், புதிய பணிகளுக்குத் தம் நூலகத்தையே மேற்கொள்ள வேண்டா என்றும் அறிவித்தனர். எந்நூலகமாயினும், நாம் வடிவத்தைக் கூறாவிடின் அதுவும் ஊகிக்கவே செய்யும். அறியாமையை வேறொருவர் தோளில் ஏற்றுதல் அறிவாகாது.

ஆயின் செய்யத்தக்கது யாது? சுருக்கமாகக் கூறுவேன். முதலாவது, படிவத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றிற்கும் தனித்தனி இடம் வைத்து, மாதத்தைப் பெயராற் காட்டுக. "ஆகஸ்டு" என்னும் பெயரை ஒருவரும் எட்டாம் நாள் என்று மயங்கார். இரண்டாவது, பழைய ஏடுகளிலிருந்து எழுத்தாகவே வரும் தேதியாயின், அது எவ்வழக்கினர் எழுதியது என்பதை உரியவரிடம் கேட்டறிந்து, அதனை நிரலில் வெளிப்படையாக எழுதுக. மூன்றாவது, எழுத்தைச் சாய்கோட்டிடத்துப் பிளந்து, மூன்று எண்களாக்கி, மாதத்தில் ஒன்றைக் கழித்து, அம்மூன்றையும் கொண்டே தேதிப் பொருளை ஆக்குக; முழு எழுத்தையும் அம்மொழியின் கையில் ஒப்படையாதிருக்க. நான்காவது, ஆக்கிய பொருளிடம் அதன் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் திரும்பக் கேட்டு, கொடுத்தவற்றோடு ஒப்பிடுக. ஒன்று வேறுபடினும், பிப்ரவரி 31 போன்றதோர் இல்லாத நாள் புகுந்ததென்று அறிந்து தள்ளுக. ஐந்தாவது, தள்ளியதை மறைக்காது உரியவர்க்குத் தெரிவித்து, "தாங்கள் எழுதியதை இவ்வாறு கொண்டோம், சரிதானா?" என்று திரையிற் காட்டி இசைவு பெறுக. அம்மாணவிக்கு, "8 மே 2006 அன்று பிறந்தீர்களா?" என்று ஒரு வினா காட்டப்பெற்றிருக்குமாயின், அவள் அப்பொழுதே இல்லையென்றிருப்பாள், கடனும் இல்லை, தந்தையின் கடுஞ்சொல்லும் இல்லை.

இவையன்றி, மொழியிலேயே ஒரு நற்காலம் பிறந்துள்ளமையையும் கூறாதிருத்தல் முறையன்று. "டெம்பரல்" என்னும் புதிய பகுதி பல ஆண்டு ஆராய்ச்சியின் பின்னர் உருவாகி, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பயர்பாக்ஸ் உலாவியின் 139ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதில் மாதங்கள் ஒன்றிலிருந்தே எண்ணப்பெறுகின்றன. மணியும் ஊர்நேரமும் கலவாத வெறுந்தேதிக்கு, "பிளெயின்டேட்" என்று தனிப்பொருளே உண்டு. பிறந்தநாள் என்பது ஒரு கணமன்று, நாட்காட்டியின் ஓர் ஏடே என்னும் உண்மையை அம்மொழி முப்பது ஆண்டுகட்குப் பின் உணர்ந்துகொண்டது. "05/08/2006" என்று அதன்முன் நீட்டினால், அது ஊகியாது. பிழையென்று உரக்கக் கூறி நின்றுவிடும். "2023-02-31" என்றாலும் அவ்வாறே. இம்மறுப்பையே யான் பெரிதும் போற்றுகின்றேன். ஆயினும் பழைய "டேட்" ஒழிந்துபோகவில்லை, ஒழியப்போவதுமில்லை. பழைய நிரல்கள் உள்ளவரை அது இருக்கும். ஆகவே புதிது வந்ததென்று நாம் அயர்ந்திருத்தல் கூடாது.

மாணாக்க நண்பர்களே! நீங்கள் எழுதும் நிரல்கள் நாளை மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் நாளைக் கணக்கிடும்; ஓய்வூதியம் தொடங்கும் நாளை முடிவுசெய்யும்; தேர்வு எழுதத் தகுதியுடையார் யாவர் என்று தீர்ப்புக் கூறும். அவற்றின் எதிரே நிற்கும் எளியவர்க்கு நிரலும் தெரியாது, வழக்கும் தெரியாது. கணிப்பொறி சொன்னால் சரியாகத்தானிருக்கும் என்று நம்பித் தம் பிள்ளைகளையே கடிந்துகொள்வர். அந்நம்பிக்கைக்கு நீங்கள் பொறுப்பாளர். ஆசிரியப் பெருமக்கள், எழுத்தைத் தேதியாக்கும் பாடத்தை ஒரு வரியில் முடித்துவிடாது, மேற்கூறிய 132 நாட்களையும் வகுப்பில் ஒருமுறை எண்ணிக்காட்டுவார்களாக. பழைய மாணவர்கள், தம் கல்லூரிக்கு முகவரி எழுதும்போது பிறந்த ஆண்டை நான்கு இலக்கத்திலும் மாதத்தை எழுத்திலும் எழுதி உதவுவார்களாக. இவை சிறு செயல்களே, செலவு ஒன்றுமில்லை.

"தெரியவில்லை" என்று கூறுதல் கற்றோர்க்கு இழுக்கன்று. தெரியாததைத் தெரிந்தது போற் கூறுதலே இழுக்கு. மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் ஊகித்து எழுதினால் மதிப்பெண் குறையும், அத்துடன் தீர்ந்தது. நிரல் ஊகித்தால் குறைவது மற்றொருவர் வாழ்வு. ஆதலின் நம் நிரல்களுக்கு முதலிற் கற்பிக்க வேண்டிய பாடம், ஐயம் வந்தவிடத்து நின்று, பணிவுடன் வினாவும் பாடமே. அப்பாடத்தைக் கற்பிக்குமுன் நாம் கற்றுக்கொள்வோமாக.